பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல்: தியேட்டரில் பார்த்த விண்வெளிப் படம் இன்னும் விடவில்லை

மட்டிக்களி மலர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பேய்ப் படமோ ரத்தப் படமோ, சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்து முடிக்கிற ஆள் நான். வீட்டில் மற்றவர்கள் கண்ணைப் பொத்தும் இடத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அப்படிப்பட்ட என்னை, இப்போது டவுனில் ஓடும் விண்வெளிப் படம் ஒன்று ஆட்டி வைத்துவிட்டது. இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள் என்பதால் பெயரைப் போடவில்லை. பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

கதை வழக்கமானதுதான். எங்கேயோ தூரத்தில் ஒரு நிலையம், ஏழெட்டுப் பேர், வெளியே போய் வந்த ஒருவருக்குள் ஏதோ புகுந்துவிடுகிறது. உடம்பு பிளக்கிறது, ரத்தம் தெறிக்கிறது. அதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் செத்துப்போன எஞ்சினியரின் குரலில் அந்த ஜந்து கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கிற பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடும். கத்தாது, மிரட்டாது. வேலை முடிந்து அலுத்து வந்த மனுஷன் கதவைத் திறக்கச் சொல்வது போல. முதல் பாதியில் அந்த எஞ்சினியர் குடிக்க ஏதாவது கேட்கும்போது இருந்த அதே தொனி.

படம் முடிந்து இவருடைய மோட்டார் சைக்கிளில் வரும்போது பஸ் நிலையத்தடியில் மான் கூட்டம் நின்றது. திருகோணமலையில் பிறந்தவளுக்கு மான் என்ன புதினமா? ஆனால் ஹெட்லைட் பட்டு அத்தனை கண்ணும் ஒன்றாக மின்னியபோது இவருடைய சேர்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது அன்றோடு போய்விட்டது. போகாதது இதுதான்: குளியலறையிலிருந்து "துவாயை எடுத்துத் தா" என்று இவர் கூப்பிட்டால் எனக்கு உடனே பதில் வருவதில்லை. அவர்தான் என்று நன்றாகத் தெரியும். இருந்தும் கதவடிவரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன்.

இவருக்கு இது பெரிய பகிடியாக இருக்கிறது. யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? தானாகப் போகுமா?

சீனன்குடாக்காரன் எழுதியது:

அக்கா, படம்தானே. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் மைக்குக்கு முன்னால் நின்று பேசியிருக்கிறார். மிச்சம் ரப்பரும் கொம்பியூட்டரும். இதைப் போய் மண்டைக்குள் வைத்திருக்கிறீர்களே.

மட்டிக்களி மலர் எழுதியது:

அது எனக்கும் தெரியும் தம்பி. தெரிந்தும் வருகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

பழைய புரொஜெக்டர் எழுதியது:

பிள்ளை, நானும் அதே படத்தை அதே தியேட்டரில்தான் பார்த்தேன். படம் உங்களைப் பயமுறுத்தியது பாதி. மீதிப் பாதி இடைவேளையின் வேலை.

நான் அந்தக் காலத்தில் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டியவன். தமிழ்ப் படத்தில் இடைவேளை எங்கே என்று எடுத்தவர்களே போட்டு அனுப்புவார்கள். ஆங்கிலப் படத்தில் அப்படி ஒன்று கிடையாது. ஏறக்குறைய நடுவில், ரீல் முடிகிற இடமாகப் பார்த்து ஒப்பரேட்டர்தான் நிறுத்துவார். சில நேரம் கதாநாயகன் வாயைத் திறந்தபடி நிற்க லைட்டைப் போட்டுவிடுவோம். சனம் கூக்காட்டும். இப்போது ரீலும் இல்லை குச்சியும் இல்லை, ஆனால் நடுவில் வெட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை.

இந்தப் படத்தில் எங்கே வெட்டினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? அது இரண்டாவது தரம் கூப்பிட்டு முடிய, அந்தப் பெண் கதவுப் பூட்டில் கையை வைக்க, லைட் வந்துவிட்டது. நகைக்கடை விளம்பரம், ரியூஷன் விளம்பரம், வடை. பால்கனியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கடலைச் சுருளை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் வடை சாப்பிட்ட நேரம் முழுக்க அது கதவுக்கு வெளியே நின்றுகொண்டுதான் இருந்தது. எடுத்த டைரக்டருக்கே இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

ரத்தம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1979ல் வந்த ஏலியன் படத்தில் ஒருவனின் நெஞ்சைப் பிளந்துகொண்டு குட்டி வெளியே வருமே, அந்தக் காட்சியை எடுத்தபோது ஜந்து வரும் என்று மற்ற நடிகர்களுக்குத் தெரியும். ரத்தம் அவ்வளவு வேகமாகப் பாயும் என்று டைரக்டர் ரிட்லி ஸ்கொட் சொல்லி வைக்கவில்லை. வெரோனிகா கார்ட்ரைட் என்ற நடிகையின் முகத்தில் நேரே அடித்தது. அவர் பதறிப் பின்னால் போனது நடிப்பே இல்லை. தியேட்டரில் அதைப் பார்த்துச் சனம் கத்தியது உண்மைதான். ஆனால் அந்தக் காட்சியால் வீட்டில் துவாய் கொடுக்கப் பயந்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

உயிரியல் ரீச்சர் எழுதியது:

புரொஜெக்டர் ஐயா சொன்ன நெஞ்சுப் பிளப்புக்கு விண்வெளிக்குப் போகத் தேவையில்லை. நம் வீட்டுக் கூரை வளையிலும் யன்னல் மூலையிலும் மண்கூடு கட்டுகிற குளவி போதும்.

சைவ சமய வகுப்பில் எல்லோரும் படித்திருப்போம்: குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் வைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும், குருவும் சீடனை அப்படித்தான் ஆக்குகிறார் என்று. அழகான உவமைதான். உண்மையில் நடப்பது வேறு. கொட்டப்பட்ட புழு சாவதில்லை, அசைய முடியாமல் கிடக்கிறது. செத்தால் அழுகிவிடும், ஆகவே உயிரோடு இருக்க வேண்டும். அதோடு முட்டையை வைத்துக் குளவி மண்ணால் வாயை அடைத்துவிடும். முட்டையிலிருந்து வருவது அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, கூட்டை உடைத்துக் குளவியாக வெளியேறும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. பார்த்த நம் முன்னோர் போட்ட கணக்கு அதுதான்.

இந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் கொண்டாடும் இன்னொன்று நம் பக்கமும் உண்டு, மரகதப் பச்சையில் மின்னும் குளவி. கரப்பான் பூச்சியை இரண்டு தரம் கொட்டும். முதலாவது நெஞ்சில், முன்கால்கள் கொஞ்ச நேரம் மரத்துப்போக. இரண்டாவது தலைக்குள், குறிபார்த்து. அதற்குப் பிறகு கரப்பானுக்கு நடக்க முடியும், ஆனால் தானாக நடக்க வேண்டும் என்ற எண்ணம் எழாது. குளவி அதன் மீசையைப் பாதியாக வெட்டி, மிச்சத்தைப் பிடித்து வளைக்குள் நடத்திக் கூட்டிப் போகும். ஏ.எல். வகுப்பில் இதன் வீடியோவைப் போட்டபோது பின்வரிசைப் பெடியன்கள் அத்தனை பேரும் வாயை மூடினார்கள். வேறெந்தப் பாடத்திலும் நான் காணாத அமைதி. டார்வினுக்கே இது செரிக்கவில்லை. கருணையுள்ள கடவுள், உயிருள்ள புழுவின் உடம்புக்குள் இருந்து தின்னும் குளவிகளை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று 1860ல் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதினார்.

ஆனால் மலர், உங்களைப் பிடித்தது குளவி அல்ல, குரல். அதற்கும் காட்டில் ஆள் உண்டு. சிங்கராஜ வனத்தில் துடுப்புவால் கரிச்சானை எபென் குடேல் என்பவரும் நம் பேராசிரியர் சரத் கொட்டகமவும் ஆராய்ந்தார்கள். அது மற்றப் பறவைகளின் குரலில் கூப்பிட்டு அவற்றைத் தன் கூட்டத்தோடு வரச் செய்கிறது என்று 2006ல் எழுதினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, சேர்ந்து இரை தேடினால் அதற்கு லாபம். இருந்தாலும் கேட்கும் குருவியின் பக்கம் நின்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

சீனன்குடாக்காரன் எழுதியது:

ரீச்சர், நான் இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

சவுண்ட் பொக்ஸ் எழுதியது:

கல்யாண வீடு, கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். என் காதால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்தக் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. கவனித்தீர்களா? மற்ற வசனம் எல்லாம் முன்னால் நடு ஸ்பீக்கரில். அது மட்டும் பின்பக்கம் வலது மூலையில். என்னோடு வந்தவன் உட்பட முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது புத்தி செய்கிற வேலையல்ல, கழுத்து செய்கிற வேலை.

அடுத்தது, கத்தலுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம். மனிதக் கூச்சலை 2015ல் லுக் ஆர்னால், டேவிட் போப்பல் என்பவர்கள் அளந்து பார்த்தார்கள். கத்தும்போது ஒலியின் கனம் செக்கனுக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் அது நாலைந்து தடவைதான். அந்தக் கரகரப்பு மூளையில் அபாயத்தை உணரும் இடத்தை நேராகத் தட்டுகிறது. ஆம்புலன்ஸ் சைரனிலும் இதே கரகரப்பைக் காணலாம். ஆகவே படத்தில் யாராவது கத்தினால் நீங்கள் துள்ளுவீர்கள், நெஞ்சு அடிக்கும், கத்தல் நின்றதும் அடங்கிவிடும். இந்தக் குரலில் கரகரப்பே இல்லை. உடம்பு துள்ளவில்லை, அதனால் அடங்கவும் வழியில்லை. வீட்டில் எத்தனை பேர் தினமும் கத்துகிறார்கள்? ஆனால் தெரிந்த ஆள் சாதாரணமாகக் கூப்பிடுவது நாள் முழுக்க நடக்கிறதே. ஒவ்வொரு தரமும் படம் திரும்ப ஓடும்.

கனடாவில் ஒரு கோணமலையான் எழுதியது:

சவுண்ட் பொக்ஸ் சொல்வதோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். 1968ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற படத்தில் அந்தக் கொம்பியூட்டரை நினைத்துப் பாருங்கள். வெளியே மாட்டிக்கொண்டவன் கதவைத் திற என்கிறான், அது மரியாதையாக, கொஞ்சமும் குரல் உயர்த்தாமல், முடியாது என்கிறது. இங்கே கதவுக்கு வெளியே நிற்பது பயம், அங்கே கதவுக்கு உள்ளே. இரண்டிலும் குரல் சாந்தம்.

அந்தக் கதையை அதன் டைரக்டர் குப்ரிக்கோடு சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956ல் மைக் வில்சனோடு நம் சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைப் பார்த்தவர் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். அந்த மலையில் பாறை பிளந்திருக்கும் இராவணன் வெட்டுக்கு மேலே நின்று கீழே பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். அந்த மனுஷன் அதற்குள் இறங்கியிருக்கிறார்.

கிண்ணியா நானா எழுதியது:

எங்கள் உம்மும்மா ஒரு சட்டம் வைத்திருந்தா. பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வெளியே யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதல் தரத்துக்குப் பதில் சொல்லக் கூடாது. இரண்டாம் தரத்துக்கும் கூடாது. மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் அது மனுஷன். மற்றதுகள் மூன்று தரம் கூப்பிடாதாம். சின்னப் பிள்ளையில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். உங்கள் பக்கமும் இது இருக்கும் என்றுதான் நினைக்கிறேன் தங்கச்சி.

பிறகு பிரச்சினைக் காலம் வந்தது. ஒரு நாள் ராத்திரி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வாப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தெரிந்த குரல்தான், எங்கள் ஒழுங்கை ஆளுடைய குரல். வாப்பா விளக்கை அணைத்துவிட்டு நிலத்தில் படுத்துக்கொண்டார், எங்கள் எல்லோரையும் படுக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. அந்த ஆளிடம் வாப்பா கடைசிவரை அதைக் கேட்கவேயில்லை, அவரும் சொல்லவில்லை. கடையில் கண்டால் இருவரும் மீன் விலை கதைப்பார்கள்.

நான் இந்தப் படம் பார்க்கவில்லை. பார்க்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் மலர் எழுதியதை வாசிக்கும்போது இது ஏன் போகவில்லை என்று எனக்கு விளங்குகிறது.

பாலையூற்று அம்மா எழுதியது:

நானா, உங்கள் கதை மனதைப் பிசைகிறது. இருந்தாலும் ஒன்று சொல்லட்டுமா? நம்மைப் பயமுறுத்தும் எல்லாவற்றையும் கொண்டுபோய் யுத்தத்தில் கட்டிவிடுகிறோம். என் மூத்தவன் எல்லாம் முடிந்த பிறகு பிறந்தவன். செக்பொயின்ட் என்றால் என்ன என்று கதையாகத்தான் அவனுக்குத் தெரியும். அவனும் அதே இடத்தில்தான் என் கையைப் பிடித்தான். ஆகவே இது பழைய காயம் உள்ளவர்களுக்கு மட்டும் வருகிறது என்று சொல்ல மாட்டேன்.

எனக்குக் கோபம் வேறொன்றில். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு தகப்பன் ஐந்தாறு வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். பிள்ளை அழ அழ "அது பொய்யடா, அது பொய்யடா" என்று சொல்லிக்கொண்டே அவர் படம் பார்த்தார். வாசலில் டிக்கெட் கிழித்தவருக்குக் கண் தெரியாதா?

வார்ட் டியூட்டி எழுதியது:

நான் தாதி. மனநலப் பிரிவில் கொஞ்சக் காலம் இருந்தேன், அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் அம்மா சொன்ன பிள்ளை. "அது பொய்" என்பது ஐந்து வயதில் வேலை செய்யாது. ஜோஆன் கான்டர் என்ற ஆராய்ச்சியாளர் பிள்ளைகளின் பயத்தைத்தான் பல வருடம் படித்தார். ஹல்க் தொலைக்காட்சித் தொடரை வைத்து அவரும் இன்னொருவரும் செய்த ஆய்வில், சின்னப் பிள்ளைகள் நல்ல மனுஷன் பச்சை அரக்கனாக மாறும் இடத்தில்தான் அதிகம் பயந்தார்கள். அவன் காப்பாற்றத்தான் வருகிறான் என்ற கதை அவர்களுக்கு எட்டவில்லை, கண்ணுக்குத் தெரிந்த உருவம்தான் எட்டியது. பெரிய பிள்ளைகளுக்கு நேர்மாறு. ஆகவே சின்னதுக்கு விளக்கம் வேண்டாம். தூக்கிக்கொண்டு வெளியே போய், தண்ணீர் கொடுத்து, மடியில் வைத்திருந்தால் போதும். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

மலர் அக்கா, உங்களுக்கு. 2009ல் எமிலி ஹோம்ஸ் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களுக்கு விபத்தும் காயமும் உள்ள படத்தைக் காட்டி, அரை மணித்தியாலம் கழித்துப் பாதிப் பேரை டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள், அந்தக் கட்டை அடுக்கும் விளையாட்டுத்தான். அடுத்த ஒரு கிழமைக்குள் விளையாடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் தானாக வந்து போனது குறைவு. கட்டையைத் திருப்பி அடுக்கும்போது மூளையின் படம் பிடிக்கிற பகுதிக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. நாள் கடந்த பிறகும் செய்யலாமா என்று 2015ல் பார்த்தார்கள். செய்யலாம், ஆனால் முதலில் அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒரு பத்து நிமிடம் விட்டு விளையாட வேண்டும். சும்மா விளையாடினால் பலன் இல்லை.

அவர்கள் அளந்தது கண்ணுக்குள் வரும் காட்சியை. உங்களுக்கு வருவது குரல். ஆகவே அந்தக் கதவையும் பூட்டில் இருந்த கையையும் சேர்த்து நினைத்துவிட்டுச் செய்து பாருங்கள். நித்திரை கெட்டு, வேலை கெட்டு, கிழமைக் கணக்கில் இழுத்தால் போனில் டெட்ரிஸ் போதாது. மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது, தமிழிலும் கதைக்கலாம்.

நானா, இதை உங்கள் இரவுக்குச் சொல்லவில்லை. அது படம் இல்லை. அதைத் தனியாகப் போனோடு இருந்து கிளற வேண்டாம்.

கிண்ணியா நானா எழுதியது:

விளங்கியது மகள். நான் கிளறுகிறதில்லை. இன்றைக்கு ஏனோ எழுத வந்தது, எழுதினேன்.

மட்டிக்களி மலர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாலையூற்று அக்கா, எனக்கும் நானா சொன்னது போல ஒரு இரவு இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்தேன். இல்லை. எங்கள் வீட்டில் அம்மம்மாவின் மூன்று தரச் சட்டம் மட்டும் இருந்தது, அதுவும் முனியைப் பற்றியது. நீங்கள் சொன்னதும் சரி, நானா சொன்னதும் சரி என்றுதான் படுகிறது.

தாதித் தங்கச்சி சொன்னபடி செய்து பார்த்தேன். நித்திரையில் வருவது நின்றிருக்கிறது. குளியலறைச் சமாச்சாரம் முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. சவுண்ட் பொக்ஸ் தம்பியின் விளக்கம்தான் அதைவிட உதவியது. ஏன் என்று தெரிந்த பிறகு என்னை நானே விசர் என்று திட்டுவது நின்றது.

இவர் இப்போது கதவைத் தட்டும்போது "நான்தான், ஜந்து இல்லை" என்கிறார். ஜந்தும் அதையேதானே சொல்லும் என்றேன். சரி, எனக்கு மட்டும் தெரிந்த ஏதாவது கேள் என்றார். நம் கல்யாணத் திகதியைக் கேட்டேன். பிழையாகச் சொன்னார். ஜந்தாக இருந்தால் சரியாகப் பாடமாக்கி வந்திருக்கும், ஆகவே இவர்தான் என்று கதவைத் திறந்தேன்.

பழைய புரொஜெக்டர் எழுதியது:

நல்ல சோதனை. எங்கள் வீட்டில் செய்தால் நான் வெளியேதான் படுக்க வேண்டும்.

சீனன்குடாக்காரன் எழுதியது:

இவ்வளவு சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடியாது. நாளைக்கு இரவுக் காட்சிக்குப் போகிறேன். பால்கனியா, கீழேயா?

சவுண்ட் பொக்ஸ் எழுதியது:

கீழே, நடுவில். பின்பக்கம் வலது மூலைக்குக் கிட்ட இருக்காதே. ஆறு மணிக் காட்சிக்குப் போனால் திரும்பி வர பஸ்ஸும் இருக்கும்.

பழைய புரொஜெக்டர் எழுதியது:

வடையை இடைவேளைக்கு முன்னமே வாங்கி வைத்துக்கொள் தம்பி. பிறகு உனக்கு எழும்ப மனம் வராது.